மூன்று வெள்ளைப் படங்கள்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என் வேலையே பழுதுக்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான். நீங்களும் நம்பப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் கேளுங்கள்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சில நட்சத்திரங்கள் நோவாவாக வெடித்து, வாயுவை ஓடு மாதிரி சுற்றிலும் வீசிவிடும். வருஷா வருஷம் விரிந்துகொண்டே போகும் அந்த வாயுவைப் படம் எடுப்பேன். ரொம்ப மங்கலானது. ஐந்தைந்து நிமிடப் படங்களாக எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினால்தான் கண்ணில் படும். நாங்கள் இருக்கும் ஜார்ஜ் டவுன் நகர வெளிச்சத்தில் அது நடக்காது என்பதால், போன ஜனவரியில் பாலிக் புலாவில் ஒரு நண்பரின் ஜாதிக்காய்த் தோட்டத்துக்குப் போனேன். மனைவி சாந்தியும் வந்தாள். கொசு தாங்காமல் காருக்குள் ஏறி, ஏர்கோன் போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

"காடி லைட்ட மட்டும் போட்றாத, படம் கெட்டுப் போயிடும்."

"போட மாட்டேன்லா, நீங்க போங்க."

திரை வெளிச்சம் கசியாதபடி தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பது மணி வாக்கில் ஒரு படம் முழு வெள்ளையாக வந்தது. அடுத்ததும் வெள்ளை. மூன்றாவதும் அப்படியே வர, எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. லைட்டைப் போட்டுவிட்டாள் என்று போர்வையை உதறிவிட்டு, நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன்.

கார் கும்மிருட்டாக இருந்தது. கதவைத் திறந்தால் ஒரே புகை நெடி. சாந்தி பேச்சுமூச்சில்லாமல் சரிந்து கிடந்தாள். வெளியே இழுத்துப் போட்டுக் கத்தினேன், கன்னத்தில் தட்டினேன். கடைசியில் இருமினாள். அந்த இருமலைக் கேட்டு அழுதேவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "காடிப் புகை உள்ள வந்திருக்கு. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா கஷ்டம்லா" என்றார்.

இப்போது நன்றாக இருக்கிறாள். "திட்ட வந்துதானே காப்பாத்துனீங்க" என்று கிண்டல் வேறு. அவள் குரல் வீட்டில் கேட்கும்போதெல்லாம் அப்பாடா என்றிருக்கிறது.

காரணம்தான் கிடைக்கவில்லை. பிறகொரு நாள் அதே இடத்தில் கார் விளக்கெல்லாம் போட்டு எடுத்துப் பார்த்தேன். கேமராவில் நான் மாட்டும் ஃபில்டர் அந்த வாயுவின் சிவப்பைத் தவிர வேறெதையும் அவ்வளவாக விடாது. படம் லேசாக வெளிறியதோடு சரி. கேமராவிலும் பழுதில்லை.

அதைக்கூட விட்டுவிடலாம். அன்று நான் போர்வையை உதறி எழுந்த பிறகும் கேமரா தன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் படங்களில் ஒரு துளி வெள்ளை இல்லை. நான் எழுந்துவிட்டேன் என்று அதற்கு எப்படித் தெரிந்தது?