தொடையில் கட்டிய பெட்டி

ராஜாக்கமங்கலம் துறை ரெஜின் கால்பந்தோடு ஓடினால் எதிராளிக்கு அவன் முதுகுதான் தெரியும். 2015-ல் ஒரு வங்கி அணிக்கு ஆளெடுத்த அன்று, விடிந்ததும் பூட்ஸைத் தோளில் போட்டுக் கடற்கரை வழியே பஸ்ஸுக்கு நடந்தான். கரையில் கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுக்கிற வலையைக் கண்டால் கைகொடுக்காமல் கடக்கக் கூடாது, அது அந்தக் கரையின் வழக்கம்.

“ஏலே, ஆட்டக்காரனுக்குக் கயிறு நாறுமோ?” என்றார் தாய்மாமன் சூசை.

மணலில் காலூன்றி ஒரு மணிநேரம் இழுத்துவிட்டுத்தான் போனான்.

மைதானத்தில் தொடையில் சின்னப் பெட்டியொன்றைக் கட்டி ஓடவிட்டார்கள். தசையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும். வேகம் கூடும்போது யாருக்குச் சீக்கிரம் சரிகிறதோ அவனுக்குத் தம் குறைவாம். ரெஜினுக்கு மூன்றாம் ஓட்டத்திலேயே சரிந்தது.

“காலைல வலை இழுத்தேன் சார். நாளைக்கு ஒருக்கா பெட்டியக் கெட்டிப் பாருங்க.”

“செலக்‌ஷன் அன்னைக்கா? அப்ப உனக்கு ஆட்டம் பெருசில்ல,” என்று பயிற்சியாளர் பெயரை அடித்தார்.

இப்போது ரெஜின் மாமனின் வள்ளத்தில் போகிறான். “நான் வெளையாட்டுக்குத்தானே மக்கா கூப்பிட்டேன், நீ போயிருக்கலாமே,” என்கிறார் அவர். அன்று கைகொடுக்காமல் போயிருந்தால், சாகும்வரை அதைச் சொல்லியே குத்தியிருப்பார்.