அம்மாவின் காலில் கட்டியிருந்த சேலைக்கரை

அம்மா எங்களை விட்டுப் போன முப்பத்தோராம் நாளாகிய இன்று இந்த நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் உறவினருக்கும் அயலவருக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொறுமையின் இருப்பிடம், சாந்தத்தின் வடிவம் என்றெல்லாம் இதில் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அம்மாவே எழும்பி வந்து, உது ஆரைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்று கேட்பார். அம்மாவுக்குப் பொறுமை குறைவு. கோணல் தையலைக் கண்டால் முகம் கறுத்துவிடும். பிரித்துத் திரும்பத் தை என்று துணியை எங்கள் மடியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அப்படிப் பேச்சு வாங்காத பெண்பிள்ளை எங்கள் ஒழுங்கையில் ஒருத்தியும் இல்லை. இதை வாசிக்கும் பலருக்கு இப்போதே சிரிப்பு வரும்.

அம்மா பிறந்தது மானிப்பாயில், தோட்டம் செய்த குடும்பத்தில். பெண்பிள்ளைகள் நிறைந்த வீட்டில் நடுப்பிள்ளை. அக்காமாரின் சட்டையைச் சுருக்கிச் சுருக்கிப் போட்டே வளர்ந்தேன், தைக்காமல் இருந்திருந்தால் அம்மணமாகத்தான் திரிந்திருப்பேன் என்பார். அப்பாவைக் கலியாணம் செய்து கொக்குவிலுக்கு வந்தபோது சீதனத்தோடு காலால் மிதிக்கும் ஒரு தையல்மெசினும் வண்டிலில் வந்தது. அந்த மெசின் எங்கள் முன் அறையின் யன்னலோரத்தில் வைத்த இடத்திலிருந்து கடைசிவரை அசையவில்லை.

அப்பா புகையிரத நிலையத்தில் வேலை பார்த்தவர். அவருடைய காது அந்தப் பக்கத்தில் பேர்போனது. சோற்றைப் பிசைந்துகொண்டே மெயில் வண்டி எந்த ஊர் தாண்டுகிறது என்று சொல்லுவார். அம்மா அதைக் கேட்டுத்தான் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டுவார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கடையில் வாங்கியபடியே கிடந்த துணி என்று எதுவும் இல்லை. தலையணை உறைக்கெல்லாம் மூலையில் பூவேலை இருக்கும். யன்னல் சீலைக்குச் சுருக்கு வைத்த விளிம்பு இருக்கும். வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு பிஸ்கட் தகரப்பேணியில் போட்டு வைப்பார். உள்ளங்கை அளவு துண்டைக்கூட எறியவிடமாட்டார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, கொழும்பில் வேலையிலிருந்த அண்ணை கப்பலில் வந்து இறங்கினான். யாரோ கொடுத்த, அளவில்லாத ஒரு சேட்டோடு வாசலில் நின்றான். அம்மா அழுவார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கதிரையில் ஏறி முன் அறையின் யன்னல் சீலையைக் கழற்றினார். பொழுதுபடுமுன் அது அண்ணைக்குச் சேட்டாகிவிட்டது. அந்தக் கதிரையிலிருந்து இறங்கும்போது, "இது துவக்கம்தான்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு மெசின் சத்தம் ஒரு மாதிரியாகிவிட்டது. எண்பத்தேழில் அம்மா வீட்டிலிருந்த எல்லோருக்கும் தோளில் மாட்டும் பை தைத்தார். அவரவர் தோளுக்கு அளவு எடுத்துத் தைத்தார். எதற்கு என்று கேட்டால் சும்மா என்பார். அந்த ஐப்பசியில் இந்திய ஆமியின் சண்டை தொடங்க, அதே பைகளோடு நல்லூருக்கு ஓடிப் போய்க் கோயிலில் கிடந்தோம். அண்ணையும் வெளிநாடு போய்விட்டான். பிறகு ஒருநாள் தன்னுடைய சேலைகளையெல்லாம் வெளியே எடுத்து, கரையை உரித்துப் போட்டுவிட்டு, நடுத்துணியில் மண்மூட்டைப் பைகள் தைக்கத் தொடங்கினார். குண்டு போடும் பொம்பர் விமானம் வரத் தொடங்கியபோது எங்கள் வீட்டுப் பதுங்குகுழிப் பங்கர் பச்சையும் ஊதாவும் மாம்பழ மஞ்சளுமாக, கலியாண வீடுபோல நின்றது. கூறைச்சேலையை மட்டும் அவர் தொடவில்லை. பஞ்சாங்கம் பார்ப்பதுபோல அயலவர்கள் அம்மாவின் மடியைப் பார்க்கத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு மாமி படலையடியில் நின்று, உள்ளே வராமலே, இண்டைக்குக் கொம்மா என்ன தைக்கிறா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் சந்தைக்குப் போவார்.

சண்டையில் ரயில் ஓடுவது நின்றது. அப்பாவின் வேலையும் அதோடு போனது. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, நூல்கட்டை கண்ணால் காணக் கிடைக்காது. மாச் சாக்கைப் பிரித்து அந்த நூலில் அம்மா தைத்தார். மெசினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார். தேங்காயெண்ணெய் இறுகினால் மெசின் பெரிதாகச் சத்தம் போடும். அந்தச் சத்தம்தான் வினையாக வந்தது. ஒருநாள் அவர் மெசினில் இருக்கும்போது பொம்பர் வந்து அயலூரில் குண்டு போட்டுவிட்டுப் போனது. யன்னல் அதிர்ந்தபோதுதான் அம்மாவுக்குத் தெரியும். நாங்கள் பங்கருக்குள் இருந்து கத்தியது அவருக்குக் கேட்கவேயில்லை.

இனி மெசினைத் தொடக்கூடாது என்று அப்பா சொன்னார். அப்ப நாங்கள் கிழிசலோடை திரியிறதோ என்று அம்மா கேட்டார். அடுத்த நாள் அப்பா, உரித்துப் போட்ட சேலைக்கரைகளை ஒன்றோடொன்று முறுக்கி முடிந்து நீளக் கயிறாக்கிக்கொண்டு வந்தார். ஒரு நுனியை அம்மாவின் கணுக்காலில் கட்டினார். மறு நுனியை யன்னல் கம்பிக்குள்ளால் விட்டு, வெளியே பங்கர் வாசலில், முருங்கைக்குக் கீழே போட்ட தன் கதிரைவரை கொண்டுபோனார்.

"நீர் தையும். நான் வெளியிலை இருந்து கேக்கிறன். இழுத்தால் எழும்பி ஓடி வாரும்" என்றார்.

அப்பாவின் காதை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அதற்குப் பிறகு அம்மா மெசினில் இருக்கும் நேரமெல்லாம் அப்பா கயிற்றைப் பிடித்தபடி கதிரையில் இருந்தார். அம்மா மிதிக்க மிதிக்க, தூண்டில் நூல்போல அது அவர் கைக்குள் துடித்துக்கொண்டிருக்கும். எத்தனையோ தரம் அவர் இழுத்து அம்மா தப்பி ஓடி வந்திருக்கிறார். தெருவால் போகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். அப்பா சிரிக்கமாட்டார், தலையையும் திருப்பமாட்டார்.

ஒருநாள் அப்பா சைக்கிளில் வரும்போது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் செல் குண்டு விழுந்து வெடித்தது. மேலில் ஒரு கீறல்கூட இல்லை என்று எல்லோரும் தெய்வத்துக்கு நன்றி சொன்னோம். சில கிழமைக்குள் விசயம் விளங்கிவிட்டது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவார். ஆனால் தனக்குக் காது கேட்பதில்லை என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. கயிற்றோடு போய் இருப்பதையும் விடவில்லை. கயிற்றை நான் பிடிக்கிறேன் அம்மா, அப்பாவுக்குக் கேட்பதில்லை என்று தங்கச்சி சொல்லியே விட்டாள்.

அம்மா தைப்பதை நிறுத்தவில்லை. "ரயிலும் இல்லை, வேலையும் இல்லை. அந்தக் கயித்தையும் பறிச்சா அந்த மனுசனிட்டை என்ன இருக்கு? வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

அதற்குப் பிறகு அம்மாவின் தையல் மெதுவாகிவிட்டது. ஒரு விளிம்பு முடியுமுன் கால் நிற்கும். தலையைச் சரித்துக் கேட்பார். பிறகு திரும்ப மிதிப்பார். கயிறு நின்றால் அப்பா யன்னலைத் திரும்பிப் பார்ப்பார். அம்மா நூல் நுனியை உயர்த்திக் காட்டுவார், அறுந்துபோச்சு என்று. ஒரு தலையணை உறைக்குள் எத்தனை தரம்தான் நூல் அறும்? நாங்கள் குசினிக்குள் இருந்து மெசின் நிற்கும்போதெல்லாம் மூச்சை அடக்குவோம். திரும்ப ஓடும்போதுதான் மூச்சு விடுவோம். எங்கள் வீட்டில் பகல் போனது அப்படித்தான்.

ஒருதரம் பொம்பர் உண்மையாகவே வந்தது. கேட்டது அம்மாதான். அவர் உள்ளேயிருந்து கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். அப்பா திடுக்கிட்டு எழும்பினார், எல்லோரும் பங்கருக்குள் விழுந்தோம். சத்தம் ஓய்ந்தபின் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமியிடம் அம்மா, "அவர் இழுத்தார், நான் ஓடி வந்தன்" என்றார். அப்பா கயிற்றின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

இந்த வருடம், கலியாணமாகியும் அம்மாவோடேயே இருக்கும் என் வயிற்றில் முதற்பிள்ளை. அம்மா பிஸ்கட் பேணியைக் கவிழ்த்துக் கொட்டி, பிள்ளைக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்கத் தொடங்கினார். அண்ணையின் சேட்டான யன்னல் சீலையின் மிச்சம், தோள்பைகளின் மிச்சம், மண்மூட்டைச் சேலைகளின் மிச்சம், நடுவில் அப்பாவின் பழைய வேலைச் சட்டையில் ஒரு சதுரம். இன்றைக்கு என்ன தைக்கிறார் என்று கேட்ட மாமிக்கு நான் அதைச் சொன்னதும் முதன்முறையாகப் படலையைத் திறந்து உள்ளே வந்தார். வந்து பார்த்துவிட்டு, பிள்ளை பிறக்க முதல் தைத்து வைக்கக்கூடாது, ஆகாது என்றார்.

"பிறந்தாப் பிறகு நூல் இருக்குமோ, நான்தான் இருப்பனோ" என்றார் அம்மா.

வாயைக் கழுவும் என்று மாமி ஏசினார். அம்மா சிரித்துவிட்டு மெசினை மிதித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. அவர் மெசினில் இருந்துகொண்டு சொன்னது எதுவும் பொய்த்ததில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை நானும் தங்கச்சியும் மானிப்பாய்க்குக் கிளினிக்குக்குப் போனோம். போகும்போது மெசின் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி ஒழுங்கைக்குள் இறங்கியபோது சத்தம் இல்லை. வெயில் கொளுத்தியது. ஒரு காகம் கத்தவில்லை. படலையைத் திறந்தோம். அப்பா முருங்கைக்குக் கீழே கதிரையில், கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வடிந்தது, வெயிலைப் பார்த்ததில். என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதை, பிள்ளை. கொம்மா கேட்டுக்கொண்டிருக்கிறா."

நான் உள்ளே போனேன். அம்மா போர்வையில் கன்னத்தை வைத்து மெசினின்மேல் சாய்ந்திருந்தார். ஊசி துணிக்குள் இறங்கியபடி நின்றது. நூல் அறுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று பிறகு டொக்டர் சொன்னார். நாங்கள் காலிலிருந்த முடிச்சை அவிழ்க்கும்வரை வெளியே அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று முழுக்க ஒரு பொம்பரும் வரவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார். "நூல் ஒருநாளும் அறுந்ததில்லை எண்டு எனக்குத் தெரியும். என்ரை காது போனது அவவுக்குத் தெரியும் எண்டும் தெரியும். அவ நிப்பாட்டினா நான் மேலை பாப்பன். அவவின்ரை காது, என்ரை கண். அண்டைக்குக் கனநேரம் நிண்டுது. பெரிசா ஏதோ வருகுதெண்டு நினைச்சன், பிள்ளை."

இதைக் கல்வெட்டில் எழுதலாமா என்று ஒரு துண்டுப் பலகையில் எழுதிக் காட்டிக் கேட்டேன். எழுது என்றார். எழுதிவிட்டேன். அம்மாவுக்குச் சம்மதமாக இருக்காது. அதற்காக அவரிடம் ஏச்சு வாங்கவும் நான் ஆயத்தம்.

அம்மாவைக் கூறைச்சேலை உடுத்தித்தான் அனுப்பினோம். ஹெலிகொப்டர் மேலே சுற்றிக்கொண்டிருந்த நேரத்திலும் பாடை கட்டித் தோள் கொடுத்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும், எட்டு வரைக்கும் எங்கள் வீட்டில் உலை வைக்கவிடாமல் சோறு கொண்டுவந்த மாமிக்கும், கீரிமலைக்குப் போக வழியில்லாதபடியால் கிட்டிய கடற்கரையிலேயே அந்தியேட்டிக் கிரியைகளைக் குறைவில்லாமல் செய்து தந்த ஐயருக்கும், கோடு போட்ட கொப்பித் தாளிலாவது இதை அச்சடித்துத் தந்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணைக்குச் செய்தி எப்போது போய்ச் சேரும் என்று தெரியாது. அவனை அறிந்தவர்கள் யாராவது வெளியே போனால் சொல்லிவிடுங்கள்.

போர்வை பாதியில் கிடக்கிறது. நடுச் சதுரத்தின் மூன்று பக்கம் தைத்தாகிவிட்டது, ஒரு பக்கம் மிச்சம். நாளைக்கு நான் மெசினில் இருக்கப்போகிறேன். அப்பா சேலைக்கரைக் கயிற்றைத் தோய்த்துக் காயவிட்டு, அளவு பார்க்க என் காலடிக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் காலை நீட்டிக் கொடுத்தேன். கயிறு நின்றால் மேலே பார்க்கவேண்டாம், உள்ளே வந்து பாருங்கோ என்று சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினார். விளங்கியதோ தெரியாது.

ஆகவே உறவுகளிடமும் அயலவர்களிடமும் கடைசியாக ஒரு விண்ணப்பம். எங்கள் படலையடியால் போகும்போது மெசின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்து நின்றுவிட்டால், தயவுசெய்து உள்ளே வந்து என்னை ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
மூத்த மகள்