நீலம் மாறாத குழாய்

ஸ்பிரிட் விளக்கின் மேல் பிடித்த கண்ணாடிக் குழாய்தான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. நீல மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்போம். சர்க்கரை இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், முற்றினால் செங்கல் நிறத்துக்கே வந்துவிடும். எண்பதுகளின் நடுவில், போடியில் ஒரு டாக்டரம்மாவின் சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு அதுதான் வேலை. என் மாமனாரின் குழாய் மட்டும் மாதா மாதம் நீலமாகவே நிற்கும். ரத்தத்திலும் அளவு மீறாது. பத்து வருஷச் சர்க்கரைக்காரருக்கு இப்படி ஒரு முடிவா என்று எனக்குப் பெருமை தாங்காது. சீட்டை நானே எடுத்துப்போய், "எங்க மாமாவோடது டாக்டர்" என்று பல்லெல்லாம் தெரிய நீட்டுவேன்.

மாமா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்த்தார். பறித்த பச்சைக் காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். மாமாவுக்கு நாக்கு நீளம். தோசை என்றால் ஓரம் கருகச் சிவந்திருக்க வேண்டும். கறி என்றால் சட்டியில் ஒட்டிப் பிடித்த சுக்காதான். வெளுத்திருப்பதை எல்லாம் "காய்ச்சக்காரன் தீனி" என்று தள்ளிவிடுவார். அத்தையும் சளைக்காமல் வறுத்துக் கொட்டுவார்.

ஒரு மழைக்காலத்தில் ஸ்டோரின் சூட்டுக்குழாயில் அவருடைய கால் பட்டுவிட்டது. பட்டதே தெரியவில்லையாம். தோல் உரிந்து நீர் வடிவதை அத்தை பார்த்துச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். மூன்று மாதமாகியும் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். டாக்டரம்மா என் சீட்டையும் அவர் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சீட்டு ஒண்ணு சொல்லுது, காலு ஒண்ணு சொல்லுது. காலு பொய் சொல்லாதும்மா."

என் கைவேலையைச் சந்தேகப்படுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. புண் இன்னும் மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று அடுத்து அவர் சொன்னதும் ரோஷம் போய்ப் பயம் வந்தது. ஒற்றைக் காலோடு அந்த மலைச்சரிவில் என்ன செய்வார்?

அப்போது புதிதாக ஒரு ரத்தச் சோதனை வந்திருந்தது. மாமாவின் ரத்தத்தை ஐஸ் வைத்து மதுரை வழியாகச் சென்னைக்கு அனுப்பினோம். வந்த முடிவைப் பார்த்து நான் வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டது என்றே நினைத்தேன். மூன்று மாதமாக அவர் உடம்பில் சர்க்கரை தாறுமாறாக இருந்திருக்கிறது. டாக்டரம்மா என்னை உட்கார வைத்து விளக்கினார்.

"தோசக்கல்லுல மாவு செவக்குதுல்ல? சூட்டுல சர்க்கரையும் புரதமும் ஒட்டிக்கிடறதுதான் அது. அதே சோலி நம்ம ஒடம்புக்குள்ளயும் நடக்குது. அடுப்பு கெடையாது, அம்புட்டு வெரசாவும் நடக்காது. ஒங் கொழா அன்னன்னைக்கு இருக்குறதத்தான் காட்டும். ரத்தத்துல ஒட்டுனது ரெண்டு மூணு மாசத்துக்குப் போகாது. அதத்தான் இதுல அளக்குறாங்க."

அத்தனை வருஷம் தினமும் ரத்தத்தைத் தொட்டவள், அது மனிதன் சொல்லாததையும் வைத்திருக்கும் என்று அறிந்ததில்லை. கண்ணிலும் சிறுநீரகத்திலும் நரம்பிலும் இதே ஒட்டல் வருஷக்கணக்கில் நடந்து அவற்றைக் கெடுக்கிறது. சிவக்க வறுத்த பண்டத்தின் வழியாகவும் அப்படி ஒட்டி உண்டான பொருட்கள் கொஞ்சம் உள்ளே வருகின்றன, தண்ணீரில் வெந்ததில் குறைவு என்பதெல்லாம் பிற்காலத்தில் படித்தது. அதனால் எவ்வளவு கெடுதல் என்று இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆனால் அத்தையின் சட்டியில் மணந்ததும் மாமாவின் காலை மரத்துப்போக வைத்ததும் ஒரே வகை வேலை என்று நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது.

முடிவு மாறிப்போகவில்லை என்பதை அத்தைதான் போட்டு உடைத்தார். "டெஸ்டுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி இருந்தே வெறும் மோருதான் தாயி. ஜீப்புலயும் ஏற மாட்டாரு. அடிவாரத்துல முந்தல் வரைக்கும் நடந்தே எறங்குவாரு, இந்தப் புண்ணுக் காலோட."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கட்டிலருகே போய் நின்று, யாரை ஏமாற்ற இப்படிச் செய்தீர்கள் என்று மாமனார் என்றும் பாராமல் கேட்டுவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"மொத தடவ ஜீப்பு வரல தாயி. பட்டினியா நடந்து வந்தேன். நீலமா நின்னுச்சு. அன்னைக்கு ஒம் மொகம் இருந்த இருப்பப் பாத்தேன். டாக்டரம்மாகிட்ட எம்புட்டுப் பெருமையாச் சொன்ன. அடுத்த தடவ அதக் கெடுக்க மனசு வரல."

மருந்தை மாற்றிப் போட்டதில் கால் தப்பியது. சுண்டுவிரல் மட்டும் போயிற்று. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அந்த வேலையில் இருந்தேன். எவ்வளவு நல்ல முடிவாக இருந்தாலும், ஒருவர் சீட்டையும் நான் சிரித்துக்கொண்டு நீட்டியதில்லை.