தலைமையாசிரியர் இல்லாத வாக்கியம்

மலேசியாவில், லாபு பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில், மூன்றாம் ஆண்டு வகுப்பின் சுவரில் ஒரு மஞ்சள் மணிலா அட்டை தொங்கியது. ‘ஆனால்’, ‘ஆகையால்’, ‘ஏனென்றால்’ முதலிய சொற்களை நடுவில் வைத்து இரண்டு சிறு வாக்கியங்களை ஒன்றாக்கும் பாடம் அதில் இருந்தது. எழுதியவர் எங்கள் தலைமையாசிரியர். மொத்தம் முப்பத்தொரு வாக்கியங்கள், நான் எண்ணியிருக்கிறேன். இருபத்தெட்டில் அவரே வருவார். ‘தலைமையாசிரியருக்குக் காய்ச்சல், ஆனாலும் அவர் பள்ளிக்கு வந்தார்.’ ‘மாணவர்கள் தலைமையாசிரியரை மதிக்கிறார்கள், ஏனென்றால் அவர் நல்லவர்.’ மீதி மூன்றில் அவருடைய மோட்டார் சைக்கிள் வந்தது.

எழுபதுகளின் கடைசி அது. வகுப்பு என்னுடையது என்றாலும் இந்தப் பாடத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கமாட்டார். “டவுன்ல படிச்ச ஒங்களுக்கு இதெல்லாம் வராது தம்பி” என்பார். பிள்ளைகளை இரண்டு வாக்கியங்கள் உரக்கச் சொல்லவைத்துவிட்டு நாற்காலியில் சாய்வார். மூன்றாவது வாக்கியத்துக்குள் குறட்டை வந்துவிடும். தூங்குகிறவரைப் புகழ்ந்து இருபத்துமூன்று பிள்ளைகள் கூவிக்கொண்டிருக்க, நான் பின்வரிசையில் பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது: சிரம்பான் பட்டணத்தில் ஒரு பள்ளி. செம்மண் சாலையும் ரப்பர்ப் பால் நாற்றமும் தம் தகுதிக்கு ஏற்றவையல்ல என்று நினைத்தார். மாற்றல் கேட்டு மனுப் போட்டிருந்தார். அவர் தொலைந்தால் போதும் என்று நானும் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மனுவை முடிவு செய்யுமுன் பள்ளியைப் பார்த்துப்போகக் கல்வி இலாகா அதிகாரி ஒருவர் வந்தார். தலைமையாசிரியர் அவரை நேரே மூன்றாம் ஆண்டுக்கு அழைத்துவந்தார்.

“எத வேணும்னாலும் கேளுங்கய்யா. பிள்ளைங்க சொந்தமாவே வாக்கியம் அமைக்கும்.”

அதிகாரி அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னார். பிறகு, “மழை” என்றார்.

முதல் வரிசைப் பெண் எழுந்தாள். “மழை பெய்தது, ஆகையால் தலைமையாசிரியர் நனைந்தார்.”

“பசு.”

அடுத்த பையன் யோசிக்கவே இல்லை. “பசு புல் மேய்ந்தது, ஆனால் தலைமையாசிரியர் மேயவில்லை.”

அதிகாரி கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். “மணி.”

“மணி அடித்தது, ஆனாலும் தலைமையாசிரியர் விழிக்கவில்லை.”

பிள்ளைகளிடம் குறும்பு துளியும் இல்லை. வண்டிக்கு மாடு வேண்டுவதுபோல, நீண்ட வாக்கியத்துக்குத் தலைமையாசிரியர் வேண்டும் என்று நம்பியிருந்தார்கள். அவர்களுக்குக் கற்பித்ததே அதுதான்.

வாசலில் அதிகாரி தலைமையாசிரியரின் தோளில் கைவைத்தார். “மனுவப் பாத்தேன். ஆனா இந்தப் பிள்ளைங்களுக்கு ஒங்கள விட்டா வேற நெனப்பே இல்ல போலிருக்கே. ஒங்களப் பிரிச்சா பாவம்லா.”

“அய்யா, பிள்ளைங்க பழகிக்கும்.”

“பெரிய மனசு ஒங்களுக்கு. இங்கயே இருங்க.”

அது கேலியா, நெகிழ்ச்சியா என்று எனக்கு இன்றும் தெரியாது. மாற்றல் வரவில்லை. தவறு அவருடையது, தண்டனை எங்களுக்கு. ஓய்வு பெறும்வரை அந்த மனிதர் அங்கேயே இருந்தார்.

மறுநாள் காலை அட்டையின் அடியில் முப்பத்திரண்டாவது வாக்கியம் முளைத்திருந்தது. ‘தலைமையாசிரியருக்குப் பட்டணத்துப் பள்ளி கிடைத்தது, ஆனாலும் அவர் மாணவர்களை விட்டுப் போக மறுத்துவிட்டார்.’ கூசாமல் எழுதியிருந்தார். பிள்ளைகளைப் பத்து முறை எழுதவைத்தார். நோட்டுகளைத் திருத்தும் வேலையை மட்டும் பெருந்தன்மையோடு எனக்குக் கொடுத்தார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சென்ற மாதம் சிரம்பானில் ஒரு மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். தலை நரைத்த பழைய மாணவன் ஒருவன் ஒலிபெருக்கியைப் பிடித்தான். “நம்ம சாருக்கு டவுன் ஸ்கூல் கெடச்சுது, ஆனாலும் நம்மள விட்டுப் போக மாட்டேன்னுட்டாரு” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மண்டபம் கைதட்டியது.

பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் சாய்ந்தார். “நீங்க அப்ப கூடவே இருந்தவராச்சே சார். நெசந்தானே?”

“வாக்கியத்துல தப்பு இல்ல” என்றேன்.