அலமாரிக் கதவில் ஒட்டிய மச்சப் படம்

டாஸ்மேனியாவின் உல்வர்ஸ்டன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரேலீனுக்கு வேலை வகுப்பு உதவியாளர்; பிள்ளைகள் வைத்த பெயர் தொப்பிப் போலீஸ். சம்பளம் முதலாவதற்கு, பயம் இரண்டாவதற்கு. இடைவேளை மணி அடித்ததும் மைதானத்து வாசலில் போய் நின்றுவிடுவாள். தலையில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு விளையாட்டு இல்லை; கூரைக்கடியில் பெஞ்சில் உட்கார்ந்து, ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த நாட்டுப் பள்ளிகளுக்கு இது புதிய சட்டமல்ல. ஆனால் மே மாதம் குளிர் பிறந்தால் மற்ற இடங்களில் சட்டத்துக்கும் விடுமுறை கொடுத்துவிடுவார்கள். டாஸ்மேனியாவின் குளிர்காலச் சூரியன் பல் போன கிழட்டு நாய், கடிக்காது என்பது ஊர் நம்பிக்கை. ரேலீன் எந்த நாயையும் நம்புகிறவள் அல்ல.

"என்ன போலீஸம்மா, இன்னிக்கு சூரியன் லீவு லெட்டர் குடுத்துட்டானே, பாக்கலையா?" என்பார் புல்வெட்டும் வார்விக், மழைக்கோட்டுக்குள்ளிருந்து.

"மேகத்துக்குப் பின்னாடிதான் பதுங்குவான். தோல் புத்துக்கு உங்க மூக்கை எத்தனை தடவை வெட்டுனாங்க வார்விக்?"

"நாலு தடவை."

"அப்ப வாயை மூடிட்டுப் புல்லை வெட்டுங்க. மிச்ச மூக்காவது இருக்கட்டும்."

அவள் பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது: டீன். அவளுடைய தம்பி. கோடை முழுக்கக் கடலிலும் கிரிக்கெட் மைதானத்திலும் சட்டையில்லாமல் கிடந்தவன். முதுகில் மிளகளவு ஒரு மச்சம். ஒருநாள் அவள் தொட்டுப் பார்த்தபோது, "தொடாத, கூசுது" என்று சிரித்து நெளிந்தான். அந்த மச்சமே புற்றாகி, முப்பத்தொரு வயதில், சிரிக்கத் தெம்பில்லாமல், நாற்பது கிலோவாகப் போய்ச் சேர்ந்தான். அதே வருடம் ரேலீனுக்குப் பிறந்தாள் பிரியோனி. அவனுடைய செம்பட்டை முடி, அவனுடைய பால்தோல், பின்னாளில் மூக்கெல்லாம் செம்புள்ளி. தொட்டிலை எட்டிப் பார்த்த அன்றே ரேலீன் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

பிரியோனிக்கு நான்கு வயதில் வலிப்பு வந்தது. அப்பன் மேற்கே சுரங்க வேலைக்குப் போய், பிறகு வருவதையே மறந்துபோனான். ரேலீன் பொறுப்பைப் பிரித்துக்கொண்டாள்: தலைக்குள் இருக்கிற எதிரியைக் காலையும் மாலையும் மாத்திரை பார்த்துக்கொள்ளட்டும், வானத்தில் இருக்கிறவனை நான் பார்த்துக்கொள்கிறேன். வருடம் முழுக்க நீளக்கை சட்டை, கழுத்து மறைக்கும் தொப்பி, கால்விரல் இடுக்கு வரை வெயில் கிரீம். வெயில் காய வேண்டுமா? ஜன்னலோரம் உட்கார், கண்ணாடி சாத்தியிருக்கட்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு, குளித்து முடித்ததும் சோதனை. டார்ச் விளக்கோடு உச்சி முதல் பாதம் வரை பார்ப்பாள். மளிகை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள். அதில் ஒரு சிறுமியின் உருவம், முன்னும் பின்னும். புதுப் புள்ளிக்குச் சிவப்பு மையில் ஒரு பொட்டு, பக்கத்தில் தேதி. மங்கி மறைந்த புள்ளிக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டு வருடமாகப் பெருக்கல் குறிகளே கூடின. பிஸ்கட் எடுக்கும்போதெல்லாம் அவற்றைப் பார்த்துப் பூரித்துப்போவாள், பரீட்சையில் மகள் முதலாவதாக வந்ததுபோல.

"அம்மா, கால் வலிக்குது" என்று பிரியோனி படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், "வளர்ற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்" என்பாள்.

ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை, வாசல் மிதியடி தடுக்கி பிரியோனி கையை ஊன்றி விழுந்தாள். எல்லாப் பிள்ளையும் தினம் ஒன்பது தடவை விழுகிற விழுகைதான். ஆனால் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கையையும் நெஞ்சையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் பர்பரி வெளியே போய், திரும்பி வந்து, கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். டாக்டர் குரல் தாழ்ந்தால் என்ன வரும் என்பதை டீனின் கட்டிலருகே ரேலீன் படித்திருந்தாள்.

"இந்த விலா எலும்பு எப்போ உடைஞ்சதும்மா?"

"விலாவா? எந்த விலா?"

சொல்லக்கூடாத பதில் அதுதான். எழுதிக்கொண்டார்.

"ரத்தம் எடுத்திருக்கோம். முடிவு வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் பிரியோனி இங்க இருக்கட்டும். பழைய முறிவுக்குக் காரணம் தெரியாதப்ப, குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கு நான் தகவல் சொல்லியாகணும், அது சட்டம்."

மறுநாள் காலை வீட்டைப் பார்க்க ஜோஸ்லின் என்ற அதிகாரி வந்தாள். ரேலீன் விடியும்முன்னே எழுந்து தரையைத் தேய்த்திருந்தாள். பிறகுதான் தோன்றியது: இவ்வளவு சுத்தமாக இருந்தால் எதையோ கழுவித் துடைத்ததாக நினைப்பார்களோ? ஒரு மிதியடியை வேண்டுமென்றே கோணலாக்கினாள். அய்யோ, தடுக்கியது அதே மிதியடிதானே என்று மறுபடி நேராக்கினாள்.

"டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டு, பிஸ்கட்டுக்காக அலமாரியைத் திறந்தாள்.

கதவின் உள்பக்கம் ஒரு குழந்தையின் முதுகு. அதில் சிவப்புப் பொட்டுகள், தேதிகள், பெருக்கல் குறிகள்.

ஜோஸ்லின் பேனாவைக் கீழே வைத்தாள். "இது என்னங்க?"

"மச்சம்."

"மாசாமாசம் தேதி போட்டிருக்கீங்க."

"முதல் ஞாயிறு. டார்ச் அடிச்சு... துணியில்லாம நிக்க வெச்சு..." தன் வாயிலிருந்து வருவது தன் காதிலேயே விழ, ரேலீன் அலமாரிக் கதவைச் சாத்தப் போனாள். "என் தம்பி செத்துட்டான்" என்றாள். அது விளக்கமாக இல்லை.

"நான் இதை எடுத்துட்டுப் போறேன்" என்றாள் ஜோஸ்லின்.

அன்று மாலை வார்டில், தாயையும் மகளையும் தனியே விடாமல், கதவோரம் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, டாக்டர் கேட்டாரு, அம்மா அடிப்பாங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

நர்ஸ் தலை நிமிர்ந்தாள்.

"கிரீம் தடவுறப்ப முதுகுல பட்டுபட்டுன்னு அடிப்பியே! அதுதான். அதையும் சொன்னேன்."

நர்ஸ் தலை குனிந்தாள். சிரிப்பை மறைக்கவா, எழுதவா என்று ரேலீனுக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் நாற்காலியில் மகளின் தூங்கும் கையைப் பிடித்தபடி கிடந்தாள். இறுக்கிப் பிடிக்கப் பயம், விடவும் பயம்.

வெள்ளிக்கிழமை, டாக்டரின் மேசையில் அந்தப் படம் விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஜோஸ்லின்.

"இதுல முதல்ல நாப்பத்தொரு புள்ளி. இப்ப ஒன்பது" என்றார் டாக்டர். "இந்த ஊர்ல ஒரு செம்பட்டைத் தலைப் பிள்ளைக்குப் புள்ளி குறைஞ்சுட்டே வருதுன்னா, அவ மேல வெயிலே படலைன்னு அர்த்தம். ரத்தமும் அதையேதான் சொல்லுது. வைட்டமின் டி அம்பதாவது இருக்கணும். பிரியோனிக்குப் பதினொண்ணு. வலிப்பு மாத்திரை வேற இருக்கிறதையும் கரைச்சுடும். எலும்பு மெத்துனு ஆயிடுச்சு. விலா ஏதோ ஒரு வலிப்புல போயிருக்கும். யாரும் அடிக்கல."

ஜோஸ்லின் படத்தை மடித்து ரேலீன் பக்கம் நகர்த்தினாள். "மூணு மாசத்துக்கு அப்பப்ப வந்து பார்ப்பேன். உதவிக்குத்தான்."

"யாரும் அடிக்கலைன்னா, நான்தானே உடைச்சேன்?" என்றாள் ரேலீன்.

டாக்டர் ரத்த அறிக்கையை விரலால் தட்டினார். "மாத்திரை குடுத்தவங்க வருஷாவருஷம் ரத்தம் பாத்திருக்கணும். நாங்களும்தான். இனிமே தினமும் சொட்டு மருந்து. குளிர்காலம் முடியிற வரைக்கும் நடுப்பகல்ல நடக்கட்டும், தொப்பியில்லாம, கையை மடிச்சுவிட்டு. கண்ணாடி வழியா வர்ற வெயில் கணக்குல வராது."

திங்கட்கிழமை நடுப்பகல். மாவுக்கட்டோடு பிரியோனி மைதானத்து வாசலில் நின்றாள். பெஞ்சில் இருந்த தொப்பியற்ற கூட்டம் வாய்பிளந்து பார்த்தது. ரேலீனின் விரல்கள் மகளின் தொப்பி விளிம்பைப் பிடித்தபடியே இருந்தன.

"அம்மா, எடு."

எடுத்தாள். எடுத்த கை அந்தத் தலைக்கு மேலேயே நின்றது, குடைபோல.

"அம்மா, உன் நிழல் என் மேல விழுது. தள்ளு."

ஒரு அடி தள்ளினாள். வெயில் மகளின் பிடரியில் விழுந்தது. வார்விக் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்; கிண்டல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

செப்டம்பரில் கால்வலி போயிருந்தது. பிரியோனி படிக்கட்டில் கம்பியைத் தொடாமல் ஓடினாள். முதல் ஞாயிறு, குளித்து முடித்து முதுகைக் காட்டி நின்றாள். டார்ச் வெளிச்சத்தில் பிடரியில் புதிதாய் ஒரு புள்ளி. மிளகைவிடச் சின்னது.

வெயில் பட்டிருக்கிறது, டாக்டர் கேட்டதும் இதைத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறக்காமல், இன்னும் கிட்டே குனிந்து, விரல் நுனியால் அதைத் தொட்டாள்.

"தொடாதம்மா" என்று பிரியோனி சிரித்து நெளிந்தாள். "கூசுது."