பனியனோடு எடுத்த அளவு

கும்மிடிப்பூண்டிக்கு விடுப்பில் வந்த மறுநாள் காலை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைக்குப் போகக் கதவைத் திறந்தவன் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றுவிட்டேன். துணைக்குத் துப்பாக்கியோடு ஓர் ஆள் வர வேண்டுமே என்று உடம்பு காத்திருந்தது. "இன்னாடா நைனா, வாசப்படில நின்னுகினு இன்னா யோசன?" என்று அம்மா கேட்ட பிறகுதான் சுரணை வந்தது. கனடாவின் வடகோடியில், பாறையைத் துளைத்துத் தாது தேடும் ஒரு முகாமில் நான் வெல்டர். அங்கே கரடி நடமாட்டம் அதிகம். கூடாரத்தை விட்டு யார் வெளியே போனாலும் துப்பாக்கி ஏந்திய ஒருவன் கூடவே போக வேண்டும். அந்தக் காவல் வெல்டர், சமையல்காரர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் முறை வைத்து வரும். ஊரில் இதைச் சொன்னால் கதை விடுகிறான் என்கிறார்கள். சொல்லாவிட்டால் அங்கே சொகுசாக இருக்கிறான் என்கிறார்கள். இரண்டுமே எனக்கு எரிச்சல்தான்.

ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் முகாமில் சுடும் தேர்வு உண்டு. போன முறை நான் தோற்றேன். கை நடுங்கவில்லை, பார்வையிலும் கோளாறில்லை. கம்பெனி கொடுத்த அந்த ரைஃபிள் சுட்டதும் தோளில் கழுதை மாதிரி உதைக்கும். உதைக்கு பயந்து, விசையை அழுத்தும் நொடியில் கண் தானாக மூடிக்கொண்டது. மேஸ்திரி கிரெக் எல்லோர் முன்னாலும் சிரித்தான். "இன்னொரு தடவை இப்படி ஆனால் உன்னைக் கூப்பிட மாட்டோம்" என்றான். என் வேலை அனுமதி அந்தக் கம்பெனியோடு கட்டிப் போட்டது. அவர்கள் கூப்பிடாவிட்டால் எனக்கு அந்த நாடே இல்லை. திரும்பிப் போனதும் மறு தேர்வு என்ற முள்ளோடுதான் விமானம் ஏறி வந்தேன்.

துப்பாக்கியின் குழாயைத் தாங்கித் தோளில் பதியும் கட்டையை அங்கே ஸ்டாக் என்பார்கள். உதை குறைய வேண்டுமானால் அதை மாற்றலாம் என்று கிரெக்கே சொல்லியிருந்தான், காசு என்னுடையது என்ற நிபந்தனையோடு. விடுப்புக்குக் கிளம்பும் முன் பக்கத்து ஊர்த் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கான கட்டை ஒன்றை எடுத்து வைத்தான். "பையனுக்கா?" என்று வேறு கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவன் நக்கலடித்தானா, நல்லதுக்குச் சொன்னானா என்று இன்றுவரை தெரியாது. அந்த ஊரில் யார் பேசினாலும் எனக்கு முதல் அர்த்தம்தான் முதலில் தோன்றும். அளவை அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த அளவைத்தான் கும்மிடிப்பூண்டியில் எடுத்தோம். பங்குனி வெயில். கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை ஜன்னல் வழியாக வந்து நாக்கில் ஒட்டியது. நான் பனியனோடு உட்கார்ந்து முழங்கையை மடக்கினேன். தங்கை வீட்டுக்காரன் தணிகாசலம் டேப்பைப் பிடித்தான். முழங்கை மடிப்பிலிருந்து விசை அழுத்தும் விரல் வரை எவ்வளவோ, கட்டை ஏறக்குறைய அந்த நீளம். செல்போனில் மூன்று கட்டைகளின் படங்களைக் காட்டினேன். ஒன்று எடையே இல்லாத பிளாஸ்டிக். இன்னொன்று பலகைகளை ஒட்டிச் செய்த கனத்த மரம். மூன்றாவது, பின்னால் தடித்த ரப்பர் மெத்தையும் கன்னம் வைக்க உயர்த்திய மேடும் உள்ளது.

"வெயிட்டு இல்லாதத வாங்கு மச்சான். நாள்பூரா தூக்கிகினு நிக்கணும் இல்ல?" என்றான்.

"லேசா இருந்தா இன்னும் மோசமா ஒதைக்கும்டா. கனமா இருந்தாத்தான் பாதி ஒதைய அதுவே வாங்கிக்கும்."

"அப்ப மெத்த வெச்சத வாங்கு. நல்லா பஞ்சு மாரி கீது." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "ஒரு ஒத வாங்கறதுக்கு உனுக்கு இவ்ளோ ஏற்பாடு. எங்க கம்பெனில கையுற கேட்டாலே இன்னாத்துக்குன்றான். எங்கள ஒதைக்கறதுக்கு யாரு மெத்த வெப்பாங்க?"

தணிகா உருக்காலையில் உலை வாயில் பழைய இரும்பு போடும் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் முன்கையில் தீக்கொப்புளங்கள் ஆறிய தழும்புகள் வரிசையாக இருக்கும். நானும் அதே ஆலை வரிசையில் பட்டறை போட்டவன்தான், பிறகு காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் கப்பலுக்கடியில் படுத்துக்கொண்டு வெல்டிங் அடித்தவன்தான். அவன் சொன்னது நியாயம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் அதிகமாக வந்தது. "உனக்கு யாரு வரவேணாம்னது? வந்து கரடிக்குக் காவல் நில்லு, பாப்போம்" என்று கத்தினேன்.

"போனவன் போய்க்கினே இரு மச்சான். வருசத்துக்கு ஒருவாட்டி வந்து எங்களுக்குப் பாடம் எடுக்காத" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். விடுப்பு முடியும்வரை அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கை இரண்டு பக்கமும் சோறு போட்டே ஓய்ந்தாள். நான் மெத்தை வைத்த கட்டைக்கு அளவை அனுப்பினேன். வீம்பில் அவனுக்குச் சொல்லவில்லை.

திரும்பிப் போனபோது அங்கே பனி இன்னும் உருகவில்லை. புதுக் கட்டையைப் பூட்டி, முகாமின் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு தோளில் வைத்தேன். பொருந்தவில்லை. கோட்டின் கனம் எனக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தலையணை மாதிரி நின்றது. மெத்தை தோள்குழியில் உட்காராமல் சறுக்கிப் புஜத்தில் போய் முட்டியது. சுட்டேன். எலும்பே பெயர்ந்ததுபோல் வலித்தது. கிரெக் வந்து பார்த்தான். "எதைப் போட்டுக்கொண்டு அளந்தாய்?" என்றான். பனியன் என்பதை அவனுக்கு எப்படி விளக்குவது? "ஒன்றும் போடாமல்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் கூடாரத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குளிர்நாட்டில் பிறந்தவன் எவனும் கோட்டைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கிக்கு அளவு கொடுக்க மாட்டான். பங்குனி மாதக் கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கோட்டு எங்கே ஞாபகம் வரும்?

நல்லவேளையாக அந்தக் கட்டையில் மெத்தைக்கு முன்னால், நீளத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு பிளாஸ்டிக் வில்லைகள் இருந்தன. திருகுகளைக் கழற்றி இரண்டையும் எடுத்தேன். கடைக்காரன் காட்டிய சின்னப் பிள்ளை அளவுக்கே வந்து நின்றது. மானம் போனால் போகட்டும் என்று தோளில் வைத்தேன். கச்சிதமாகப் பதிந்தது. தேர்வில் உதை வந்தது, ஆனால் கை வைத்துத் தள்ளுவதுபோல்தான் வந்தது. கண் மூடவில்லை. அத்தனை குண்டுகளும் குறி அட்டையில் பதிந்திருந்தன. கிரெக் தாளில் கையெழுத்துப் போட்டான், பாராட்டவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

அன்று மாலை ஊருக்குப் போன் செய்தேன். தங்கை எடுத்தாள். பின்னாலிருந்து தணிகாவின் குரல் கேட்டது. சண்டைக்குப் பிறகு அவன் எனக்காகப் பேசிய முதல் வார்த்தை அது. "இன்னாவாம்? அளவு சரியா இருந்துச்சாமா?"

அந்த இரண்டு வில்லைகளும் என் கையில்தான் இருந்தன. அவன் அளவில் ஒரு நூல்கூடத் தப்பில்லை. அவன் அளந்தது என்னை. இங்கே வேலைக்கு எடுத்துக்கொண்டது கோட்டுக்குள் இருக்கும் ஒருவனை. தணிகாவிடம் இதைச் சொன்னால் "அப்ப நீ யாரு?" என்றுதான் கேட்பான்.

"சரியா இருந்துச்சுன்னு சொல்லு" என்றேன். சொல்லிவிட்டு வில்லைகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியோடு காவலுக்குப் போனேன்.