எதிர் வீட்டுச் சீருடை

பெருங்களத்தூருக்குக் குடிவந்த புதிதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் கண்ணில் படும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது யாருடையது, ஏன் அங்கே இருக்கிறது என்று நோட்டில் நாலு வரி எழுதுவேன். சேலையூரில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கற்பனை வளர வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கொடுத்த பயிற்சிதான் அது. அவர்களை எழுதச் சொல்லிவிட்டு நான் சும்மா இருப்பது சரியாகப் படவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் நகராமல் நிற்கும்போதெல்லாம் எழுதுவேன்.

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அடுத்த பிளாக்கின் மூன்றாவது மாடி. அந்த பால்கனிக் கொடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சின்னப் பெண்ணின் பள்ளிச் சீருடை காயும். மெரூன் பினோஃபார்ம், வெள்ளைச் சட்டை. நாற்பது வயதுக்காரர் ஒருவர் வந்து போடுவார். சட்டைக் காலரை விரலால் நீவி நீவி நேராக்குவார். அந்த வீட்டில் குழந்தை எதையும் நான் பார்த்ததே இல்லை.

குழந்தை இறந்துவிட்டது என்று எழுதினேன். நாலு வரி நாலு பக்கமானது. பொங்கலுக்குக் குடியிருப்பில் விழா வைத்தபோது மேடையில் அதைப் படித்தேன். மெரூனைப் பச்சையாக்கியிருந்தேன். யார் வீடு என்று தெரியாமலிருக்க அது போதும் என்று நினைத்தேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாகவே இருந்தது. தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கடைசி வரிசையில் அவரைப் பார்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கைகள் மடியிலேயே இருந்தன.

அடுத்த ஞாயிறு கொடி வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவது ஞாயிறு போய்க் கதவைத் தட்டினேன்.

“வாங்க டீச்சர்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உங்க வீட்டப் பாத்துதான் சார் எழுதினேன். மன்னிச்சிடுங்க.”

“தெரியும். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஒண்ணுதான் தப்பு. என் பொண்ணு உயிரோட இருக்கா. கோயம்புத்தூர்ல அவங்கம்மாகூட. போறப்ப ரெண்டாங்கிளாஸ், இப்ப ஒன்பதாவது. இந்த டிரஸ் மட்டும் இங்கயே தங்கிடுச்சு. தூசி படியக் கூடாதுன்னு தொவச்சுப் போடுவேன்.” பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “இப்பல்லாம் வெளிய போட முடியல. பாக்குறவங்க அவ செத்துட்டானு நினைப்பாங்களோன்னு இருக்கு.”

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “வேற முடிவு ஒண்ணு எழுதித் தர முடியுமா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

ஒரு கொடி, ஒரு சீருடை, ஒரு மனிதர். அதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். நான் முதலில் தோன்றியதைப் பிடித்துக்கொண்டேன். சாவு எழுதச் சுலபமாக இருந்தது. ஏழு வருஷமாக வேறு ஊரில் உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதெல்லாம் வகுப்பில், முதலில் வந்த யோசனையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எழுதுங்கள் என்கிறேன். ஏன் என்று ஒரு மாணவி கேட்டாள். பேச்சைப் பாடத்தின் பக்கம் திருப்பிவிட்டேன்.

புது முடிவோடு போக எனக்கு இரண்டு மாதம் ஆனது. வீடு பூட்டியிருந்தது. “அவரு காலி பண்ணிக்கினு போய்ட்டாரும்மா. கூடுவாஞ்சேரி பக்கம்னு சொன்னாரு, அட்ரஸ் தெரில” என்றார் கேட்டில் இருந்த செக்யூரிட்டி.

அதன்பிறகும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பன்னிரண்டு முடிவுகள் சேர்ந்துவிட்டன. ஒன்றில் அந்தப் பெண் ரயிலில் வருகிறாள், ஒன்றில் மழையில் நனைந்துகொண்டு வருகிறாள். எல்லாவற்றிலும் அப்பாவின் கதவு வரைக்கும் வந்துவிடுகிறாள். கதவு திறந்ததும் அவள் முதலில் என்ன சொல்வாள் என்பதுதான் எனக்கு எழுத வரவில்லை.